வேலி தாண்டி வந்த குதிரை

நான் எதற்கும் பயப்படுகிறவள். லிஃப்ட் கதவு மூடும்போது பயம். தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தால் பயம். பாரிசின் புறநகரான சார்செலிலிருந்து வேலைக்கு வரும் ரயிலில் டிக்கெட் பரிசோதகர்கள் ஏறினால், மாதாந்தப் பயண அட்டை பையில் பத்திரமாக இருக்கும்போதே அதைத் தேடிப் பைக்குள் கையை விடுவேன். அப்படிப்பட்ட நான் சில வருடங்களாகக் குதிரைப் பந்தயத்தில் காசு வைத்து வருகிறேன் என்றால் என் கூடப்பிறந்தவர்களே நம்பமாட்டார்கள். அதுவும் சும்மா ஓடுகிற பந்தயம் இல்லை. வேலிகளையும் தண்ணீர்ப் பள்ளங்களையும் குதிரைகள் பாய்ந்து தாண்டவேண்டிய பந்தயம். தாண்டாவிட்டால் குதிரையும் விழும், மேலே இருக்கிறவரும் விழுவார்.

என்னை அதற்குள் இழுத்தவர் பாண்டிச்சேரி அக்கா. பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் என்ற தெருவில் இருக்கும் ஒரு சீலைக் கடையின் பின்னறையில் நான் பிளவுஸ் தைக்கிறேன். அக்கா அங்கே வாடிக்கையாக வருகிறவர். எழுபது வயதைத் தாண்டியவர். கணவர் பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. மெத்ரோ பாலத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். அவர் கடைக்குள் நுழைந்தால் பின்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய குரல் எனக்குக் கேட்டுவிடும்.

“அம்மா, கை ரெண்டும் புடிக்குது. கொஞ்சம் பிரிச்சு விடுங்க. நான் குண்டாயிட்டேன்னு சொல்லாதீங்க, துணி சுருங்கிப் போச்சு!”

இப்படித்தான் பழக்கமானோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மதிய இடைவேளைக்கு என்னைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு சீனத் தம்பதி நடத்தும் பார் அது. சிகரெட்டும் விற்பார்கள், குதிரைக்கும் காசு கட்டலாம். உள்ளே பெரும்பாலும் வயதான ஆண்கள். சுவரில் தொலைக்காட்சி. எனக்கு அங்கே போகவே பயமாக இருந்தது. வெளியே எங்கள் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். பாருக்குள் இருக்கிற என்னை யாராவது கண்டால் பின்னேரத்துக்குள் சார்செல் வரை கதை போய்விடும் என்று நினைத்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பேன். அக்கா கோப்பி குடித்துக்கொண்டே தொலைக்காட்சியைப் பார்த்துச் சத்தம் போடுவார்.

முதல் நாள் ஒரு குதிரை வேலியில் முன்கால் தட்டி மூக்கு அடிபட விழுந்ததைப் பார்த்தேன். என் கையிலிருந்த தேநீர் மேசையில் கொட்டிவிட்டது. “ஐயோ அக்கா, செத்துப்போச்சுதோ?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்லம்மா. பாருங்க, எழுந்திரிச்சு ஓடுது.”

அது எழுந்து, மேலே ஆள் இல்லாமல் மற்றக் குதிரைகளோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க எனக்குத் தையலில் மனம் நிற்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, அக்கா விடாமல் சொன்னதால், நானும் இரண்டு யூரோ வைத்தேன். ஒவ்வொரு குதிரைக்கும் பக்கத்தில் ஓர் எண் போட்டிருக்கும். அதைக் கோட் என்பார்கள். ஒரு யூரோ வைத்து அந்தக் குதிரை வென்றால் எத்தனை யூரோ கிடைக்கும் என்பதை அது சொல்லும். எல்லோரும் நம்பும் குதிரைக்கு இரண்டு, மூன்று. ஒருவரும் நம்பாததற்கு ஐம்பது, அறுபது. அப்படியான குதிரையை அந்தப் பாரில் இருக்கிறவர்கள் டொக்கார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஒன்றுக்கும் உதவாதது என்று அர்த்தம். நான் எப்போதும் டொக்காருக்குத்தான் வைத்தேன். பேராசை என்று அக்கா கேலி செய்தார். உண்மையில் அதுவும் பயம்தான். எல்லோரும் நம்பும் குதிரையில் வைத்துத் தோற்றால் ஏமாந்துவிட்டேனே என்று மனம் நோகும். டொக்கார் தோற்றால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நான்கூட.

என் கணவரிடம் இதை மறைக்கவில்லை. அவருக்கு ஓர் உணவகத்தில் சமையல் வேலை. கேட்டுவிட்டு, “ரெண்டு யூரோவுக்கு மேலை போகாதையும். அவ்வளவுதான் நான் சொல்லுவன்” என்றார். நான் போகவுமில்லை. ஒரே ஒரு முறை நான் வைத்த குதிரை மூன்றாவதாக வந்தது. முதல் மூன்றுக்குள் வந்தாலும் கொஞ்சம் காசு உண்டு. அன்று வீட்டுக்கு மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன்.

மூன்றாவதாக வந்த அந்தக் குதிரையைப் பற்றித்தான் சொல்லவேண்டும். கரும்பழுப்பு நிறம், பெண் குதிரை, வயது கொஞ்சம் கூட. நெற்றியில் கோணலான ஒரு வெள்ளைக் கீற்று. அதன் பிறகு அது ஓடும்போதெல்லாம் அதற்கே வைத்தேன். மறுபடி ஒருநாளும் முன்னுக்கு வரவில்லை. ஆனால் ஒருநாளும் விழவுமில்லை. மற்றக் குதிரைகள் வேலியைப் பார்த்துப் பாய்ந்து விழும்போது இது கிட்டப் போய், கொஞ்சம் யோசித்து, நிதானமாகத் தாண்டும். அதனால்தான் பிந்திவிடும். ஓட்டம் நடக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். அக்கா பக்கத்தில் இருந்து சொல்லுவார்: “தாண்டிட்டா. இதையும் தாண்டிட்டா. கண்ணத் தொறங்கம்மா, கடைசிலதான் வர்றா, ஆனா வர்றா.”

ஒருநாள் அக்கா பந்தயப் பத்திரிகையோடு கடைக்கு வந்தார். ஈஸ்டர் திங்கட்கிழமை, பாரிசிலிருந்து வடக்கே ரயிலில் போகக்கூடிய ஒரு சிறிய ஊரில் பந்தயம். அதில் எங்கள் குதிரையும் ஓடுகிறது.

“போலாமா? என் வீட்டுக்காரர் இருந்தப்ப இந்த மாதிரி ஊர்களுக்குத்தான் கூட்டிட்டுப் போவார். நம்ம டொக்கார நேர்ல பாக்கலாம்.”

“எனக்கு ஏலாது அக்கா. தொலைக்காட்சியிலையே நான் கண்ணை மூடிக்கொள்ளுறன்.”

“நான் இருக்கேன்ல?”

திங்கட்கிழமை எங்கள் கடை பூட்டு. கணவருக்கு வேலை, மகளுக்குச் சிநேகிதிகளோடு ஏதோ பயணம். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கார் து நோர் ரயில் நிலையத்தில் அக்காவோடு ரயில் ஏறினேன். வழி முழுக்க, திரும்பி வரும் ரயிலை விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற யோசனைதான்.

அது பெரிய மைதானம் எல்லாம் இல்லை. விரிந்த புல்வெளி. ஓடுபாதையின் இரு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் கம்பி. ஒரு பக்கம் மரத்தால் செய்த சிறிய மேடை. சொசேஜ் சுடுகிற புகை. குடும்பம் குடும்பமாகப் புல்லில் துணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் முகம் எங்கள் இரண்டு பேருடையது மட்டும்தான். எல்லோரும் எங்களையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஓட்டத்துக்கு முன்பு குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்கள். அங்கே கம்பியோரம் நின்றபோதுதான் எங்கள் குதிரையை முதல்முதலாக நேரில் கண்டேன். தொலைக்காட்சியில் இத்தனை நாளும் நான் பார்த்தது ஏதோ ஆட்டுக்குட்டி மாதிரி. இங்கே அதன் முதுகே என் தலைக்கு மேலே இருந்தது. கழுத்து நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. அது என்னைக் கடந்து போனபோது அதன் காலடி என் பாதத்துக்குள் அதிர்ந்தது. பக்கத்தில் ஒல்லியான ஓர் இளம் பெண் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள்தான் அதைப் பராமரிக்கிறவள். நடக்கும்போதே அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. குதிரையோடு கதைத்துக்கொண்டு போனாள்.

“இதுவோ எங்கடை குதிரை?” என்றேன். “அக்கா, இவ்வளவு பெரிசு விழுந்தா என்னாகும்?”

“நம்மளுது விழாது.”

பலகையில் அதன் கோட் அறுபத்து மூன்று என்று போட்டிருந்தது. நாங்கள் இருவரும் இரண்டிரண்டு யூரோ வைத்தோம், முதல் மூன்றுக்குள் வந்தால் போதும் என்று. அக்கா முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில், கம்பியோரமாக இடம் பிடித்தார். அங்கே நின்றால் கடைசி வேலி நேரே தெரியும். குதிரைகள் கிளம்பும் இடத்துக்கு நடந்து போவதைக் கண்டதும் நான் கம்பியை விட்டு விலகினேன்.

“அக்கா, நான் அந்தப் பக்கம் போய் நிக்கிறன். முடிஞ்சதும் வாறன்.”

“இவ்ளோ தூரம் வந்துட்டா?”

“எனக்குப் பார்க்க ஏலாது.”

கார்கள் நிறுத்தியிருந்த பக்கம் போனேன். இடையில் ஒரு வரிசை மரங்கள். ஓடுபாதை அங்கிருந்து தெரியாது. கற்கள் போட்ட ஒரு சிறிய வழி, அதன் முடிவில் திறந்த வாசல், அதற்கு அப்பால் பெரிய வீதி. கார்கள் விர்ரென்று போகிற சத்தம். அங்கே ஒருவருமில்லை. ஒரு காரில் சாய்ந்துகொண்டு நின்றேன். ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல் வேகம் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனது. அதில் எனக்குப் பாதிதான் விளங்கும். என் குதிரையின் பெயருக்காக மட்டும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். முதல் சுற்றில் ஒரு முறை சொன்னார், கடைசியில் வருகிறது என்று. இரண்டாவது சுற்றில் நடுவில் வருகிறது என்றார். பிறகு அந்தக் குரல் உயர்ந்தது. முன்னுக்கு வருகிறது, வெளிப்பக்கத்தால் வருகிறது என்றார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோசமும் பயமும் ஒன்றாக வந்ததில்லை. போய்ப் பார்ப்போமா என்று இரண்டு அடி வைத்தேன்.

அப்போது சனம் முழுக்க ஒரே தொண்டையால் “ஓ” என்றது. அந்தப் பாரில் பல தடவை கேட்ட சத்தம். யாரோ விழுந்துவிட்டார்கள்.

நின்றுவிட்டேன். ஒலிபெருக்கியில் என் குதிரையின் பெயர் கேட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை.

அடுத்ததாகக் கேட்டது குளம்புச் சத்தம். புல்லில் ஓடுகிற சத்தம் இல்லை, கல்லில். மரங்களுக்கு இடையால், கார் வரிசைக்கு நடுவால், கரும்பழுப்பாய்ப் பெரிதாய் ஒன்று என்னை நோக்கி வந்தது. மேலே ஆள் இல்லை. சேணம் ஒரு பக்கம் சரிந்து வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வார் நிலத்தில் இழுபட்டது. நெற்றியில் கோணல் கீற்று.

நான் தைரியமாக நின்றேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஓடவேண்டும் என்று நினைத்தேன், கால் வரவில்லை. கத்தவேண்டும் என்று நினைத்தேன், வாய் காய்ந்துபோய்விட்டது. கற்கள் போட்ட அந்த வழியின் நடுவில் தூண் மாதிரி நின்றேன். எனக்குப் பின்னால் திறந்த வாசல், அதற்குப் பின்னால் வீதி. அதை அப்போது நினைத்துப் பார்க்கக்கூட இல்லை. இது என்னை இடித்துக்கொண்டு போகப்போகிறது, இந்த ஊர் பேர் தெரியாத இடத்தில் நான் சாகப்போகிறேன், வீட்டுக்கு யார் போன் எடுத்துச் சொல்லுவார்கள், இவ்வளவும்தான் மனதில் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கற்கள் சிதறுகிற சத்தம். பிறகு சூடான மூச்சு என் முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தால் அதன் தலை எனக்கு முன்னால். மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து உள்ளே சிவப்பாய்த் தெரிந்தது. வாயில் நுரை. கண்ணின் வெள்ளை வெளியே தெரிய என்னைப் பார்த்தது. முன்காலில் தோல் கிழிந்து இரத்தம் வடிந்தது. அதன் உடம்பு முழுக்க, தோள், வயிறு, தொடை எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய ஓர் உயிர் இப்படி நடுங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“நில்லம்மா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “நில்லு. ஒண்டுமில்லை. ஒண்டுமில்லையம்மா.”

வீதியில் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. குதிரை திடுக்கிட்டுப் பக்கவாட்டில் துள்ளியது. அப்போது அதன் முன்கால் என் வலது பாதத்தில் இறங்கியது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழாமல் இருக்கக் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். அகப்பட்டது கடிவாள வார். ஈரமாய், வழுக்கலாய் இருந்தது. பிடித்த கையை அதற்குப் பிறகு விடத் தெரியவில்லை. விட்டால் அது திரும்பவும் துள்ளும் என்ற பயம். பிடித்திருந்தால் என்னை இழுத்துக்கொண்டு போகும் என்ற பயம். வாயில் வந்ததையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டே நின்றேன். என் மகள் சின்னவளாக இருந்தபோது காய்ச்சலில் அலறினால் சொல்லுகிற சொற்கள். அது காதை ஒரு முறை முன்னுக்குத் திருப்பியது. பிறகு தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, என் ஜாக்கெட்டில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. அதன் பாரம் தாங்காமல் பின்னால் இருந்த காரில் சாய்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த ஒல்லிப் பெண் ஓடிவந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர். தூரத்திலேயே நின்று மெதுவாக நடக்கத் தொடங்கி, “விடவேண்டாம் மேடம், விடவேண்டாம்” என்று பிரெஞ்சில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். கிட்ட வந்ததும் வாரைத் தன் கையில் எடுத்தாள். என் விரல்கள் பிரியவில்லை. அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து குதிரையின் நான்கு கால்களையும் மேலிருந்து கீழாகத் தடவினாள். இரத்தம் வந்த காலைத் தொட்டபோது குதிரை அதைத் தூக்கிக்கொண்டது. அவள் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

மரங்களுக்கு அப்பால் அம்புலன்ஸ் போவது தெரிந்தது. “மேலே இருந்தவர்?” என்று கேட்டேன்.

“தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டார்” என்றாள். பிறகுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். “வீதிக்குப் போயிருந்தால்…” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள்.

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் திரும்பி அந்த வாசலைப் பார்த்தேன்.

குதிரையைப் பழக்குகிறவர், வயதானவர், மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மிருக வைத்தியரும் வந்தார். கையில் பட்டி கட்டிய ஓர் அதிகாரி என்னிடம் வந்து என் பெயரைக் கேட்டார்.  நான்தான் குதிரையை வெருட்டினேன் என்று சொல்லப்போகிறார்களா? குதிரைக்கு ஏதாவது என்றால் என் தலையில் கட்டுவார்களா? வதிவிட விசா அட்டையைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். அவர் கையை அசைத்து வேண்டாம் என்றார். என் பாதத்தைக் காட்டி, முதலுதவிக் கூடாரத்துக்குப் போகலாம் என்றார். “ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமேயில்லை” என்று சொல்லி நொண்டாமல் நடந்து காட்டினேன். அந்தப் பத்து அடி நடந்ததில் என் பல் எல்லாம் கிட்டிப்போனது.

கிளம்பும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். காலில் நரம்பு அறுந்திருக்குமோ என்று வைத்தியர் சந்தேகப்படுகிறார், படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், தெரிந்ததும் சொல்லுகிறேன் என்று என் போன் இலக்கத்தை வாங்கிக்கொண்டாள். நரம்பு அறுந்திருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்க என் வாய் திறக்கவில்லை. 

அக்காவைத் தேடிப் போனேன். அவர் கம்பியோரத்தில் இல்லை. மேடையின் கீழ்ப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து என் கை, தோள், தலை எல்லாம் தொட்டுப் பார்த்தார்.  

ரயில் ஏறி, பாதி வழி போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

“ஒண்ணு சொல்லணும்மா. நான் பார்த்தேன்.”

“என்னத்தை அக்கா?”

“அது எந்திரிச்சு, கம்பியத் தாண்டி, கார் நிக்கிற பக்கம் போனத. நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். கத்தணும்னு வாயைத் தொறந்தேன். சத்தமே வரலை. காலும் நகரலை. கம்பியப் புடிச்சிட்டு அப்படியே நின்னுட்டேன்.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “என் வீட்டுக்காரர் குளிக்கிற எடத்துல விழுந்தப்பவும் இதேதான். போன் கையில இருக்கு, அம்புலான்ஸ் நம்பர் ஞாபகம் வரலை. பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்துதான் பண்ணிச்சு. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

கடையில் எல்லோரையும் அதட்டுகிற அந்தக் குரல் இல்லை அது. அவருடைய கை என் மடியில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்கும் கால் அசையேல்லை அக்கா. அதாலைதான் நிண்டனான். அசைஞ்சிருந்தா நானும் ஓடியிருப்பன்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பாரோ என்று நினைத்தேன். அழுதார். எதிரே இருந்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணி தன் பையிலிருந்து கடதாசிக் கைக்குட்டை எடுத்து நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முடியவில்லை. கணவர் வேலை முடிந்து வந்தபோது நான் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து சப்பாத்தோடு போராடிக்கொண்டிருந்தேன்.

“என்ன, ஏன் காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறீர்?”

“குதிரை மிதிச்சுப்போட்டுது.”

“பார்க்கத்தானே போனனீர்? பிறகென்னெண்டு மிதிச்சது?”

நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. கத்தரிக்கோலால் சப்பாத்தை வெட்டி எடுத்த பிறகு, கறுத்து வீங்கியிருந்த பெருவிரலையும், சப்பாத்தின் மேல்தோலில் பதிந்திருந்த வளைந்த அடையாளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். “தலையிலை மிதிச்சிருந்தா?” என்று கேட்டார்.  அப்போதுதான் எனக்கு நடுக்கம் தொடங்கியது. மைதானத்தில் வராத நடுக்கம். பல் கிடுகிடுவென்று அடித்தது. அவர் இரண்டு போர்வை கொண்டுவந்து போர்த்தியும் நிற்கவில்லை.

விரல் முறிந்திருந்தது. தையல் மெஷினை வலது காலால்தான் மிதித்துப் பழக்கம். சில வாரங்கள் இடது காலால் மிதித்தேன். பழகாத கால் ஒன்றில் மெதுவாய் மிதிக்கும், இல்லையென்றால் மெஷின் பாய்ந்து ஓடும். ஒரு பிளவுஸின் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் காது போனில்தான் இருந்தது.

அந்த அழைப்பு ஒரு புதன்கிழமை வந்தது. தெரியாத இலக்கம். மணி அடித்தது, அடித்தது, நான் எடுக்கவில்லை. பிறகு குரல் செய்தி ஒன்று வந்திருப்பதாகக் காட்டியது. அதையும் கேட்கவில்லை. வேலை முடிந்து ரயிலில் வரும்போது போனைப் பையின் அடியில் வைத்திருந்தேன். கையில் வைத்திருந்தால் தெரியாமல் அமத்திவிடுவேனோ என்று பயம். காலைத் தூக்கிக்கொண்டு குதிரை நின்ற கோலம்தான் கண்ணுக்குள் இருந்தது. ஓட உதவாத குதிரைகளை ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்று பாரில் ஆண்கள் கதைத்ததை ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

மகள் வேலையால் வந்ததும் போனை அவளிடம் நீட்டினேன்.

“இதைக் கேட்டுச் சொல்லு. கூடாத செய்தியெண்டா எனக்குச் சொல்லாதை.”

“அப்ப எப்பிடி அம்மா உங்களுக்குத் தெரியும்?” என்றாள் அவள், வழக்கத்தில் பிரெஞ்சில் பதில் சொல்லுகிறவள், அன்று தமிழில். போனைக் காதில் வைத்தாள். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் இருக்கட்டும் என்று. அவள் பின்னால் வந்து குழாயைப் பூட்டினாள்.

“சா வா, அம்மா. சா வா.” எல்லாம் சரி என்று அர்த்தம். அதன் பிறகு வேகமாகப் பிரெஞ்சில் கொட்டினாள். நரம்பு அறவில்லை, வெறும் வீக்கம்தான். கோடை முழுக்கப் புல்வெளியில் ஓய்வு. குதிரை நன்றாகச் சாப்பிடுகிறது. ஓட்டியவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். “உங்கடை கால் எப்பிடி எண்டும் கேக்கிறா. இன்னொரு கேள்வியும் இருக்கு. நீங்கள் அண்டைக்குக் குதிரைக்கு என்ன பாஷையிலை கதைச்சனீங்கள் எண்டு கேக்கிறா.”

நான் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். மகள் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப எனக்குப் போட்டுக் காட்டினாள். அவளே அந்தப் பெண்ணுக்குப் பதிலும் எழுதினாள்.

இலையுதிர் காலத்தில் அந்தக் குதிரை மறுபடி ஓட வந்தது. பெரிய மைதானம், பாரின் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கோட் எண்பதைத் தாண்டியிருந்தது. அக்கா இரண்டு யூரோ வைத்தார். என்னால் முடியவில்லை. அதன் மேல் காசு வைத்தால் அது வேகமாக ஓடவேண்டும் என்று என் மனம் கேட்கும். அப்படிக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

அன்று கண்ணை மூடவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவருடைய கையும் குளிர்ந்துபோய்த்தான் இருந்தது. ஒவ்வொரு வேலிக்கும் அது கிட்டப் போய், யோசித்து, தாண்டியது. மற்றவை தூரம் போய்விட்டன. கடைசி மூன்று வேலிகள் மிச்சம் இருக்கும்போது, ஓட்டுகிறவர் எழுந்து நின்று வாரை மெல்ல இழுத்தார். அது ஓட்டத்தை விட்டு நடையாகி, புல்லோரமாக ஒதுங்கி நின்றது. அவர் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். வெல்லாத குதிரையை இப்படி நிறுத்திவிடுவது உண்டு. பின்னால் இருந்த கிழவர் ஒருவர் பந்தயச் சீட்டைக் கிழித்துப் போட்டு டொக்கார் என்று திட்டினார்.

“போச்சு, ரெண்டு யூரோ” என்றார் அக்கா.

“ஓம் அக்கா” என்றேன். அன்று கோப்பிக்கு நான்தான் காசு கொடுத்தேன். கடைக்குப் போக நேரம் ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் அந்தக் குதிரையை வெளியே நடத்திக்கொண்டு போகும் வரை, படம் மாறும் வரை, இருவரும் எழும்பவில்லை.